சமயப் பொறையும் அரசின் எல்லையும்

மக்கள் தம் உயிரினும் பெரிதாகப் போற்றுவன சிலவற்றுள் சமயம் ஒன்றாகும். பொருளை இழக்க ஒருப்படுவோரும், பிறந்த ஊரைத் துறக்க ஒருப்படுவோரும், தாம் வழிபடு கடவுளைக் கைவிடுமாறு பிறரொருவர் ஏவுங்கால் அதற்கு ஒருப்படுதல் அரிது. அரசோ ஆணையும் தண்டமும் உடையது. தன் சொற் கேளாதாரைக் கேட்பிக்கும் ஆற்றல் வாய்ந்தது. இவ்விரண்டும் ஒரு நாட்டின்கண் ஒருங்கு நிலவுமிடத்து, அரசு சமயத்தின்பாற் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்னும் வினா எழுதல் இயல்பே. அவ்வினாவைச் சைவ சித்தாந்த நெறி நின்று சிறிது ஆராய்தும்.

இதற்கு உலகத்தார் கூறும் விடை பெரும்பான்மையும் இருதிறப்படும். உண்மை ஒன்றே, அதனை உணர்ந்த அரசன் தன் குடிகளையும் அதன்கட் செலுத்துதல் கடன் என்பார் ஒரு சாரார். சமயங்கள் யாவும் ஒன்றே. அவற்றுள் உயர்வு தாழ்வு ஆராய்தல் வீண். ஆகலின் எதனையும் இருந்தவாறே விட்டுவிடுக என்பார் மற்றொரு சாரார். முன்னையது அன்பின்மையான் வழுவுடைத்து. பின்னையது ஆராய்ச்சியின்மையான் வழுவுடைத்து. உண்மை ஒன்று எனத் துணிந்து நின்றுகொண்டே, பிறனொருவனை அதன்பால் வலிந்து ஈர்த்தல் தகாது எனக் கூறும் மூன்றாவது விடை ஒன்று உண்டு. அதுவே நம் சித்தாந்தத்திற்கு இயைவது என்பதனை நிறுவுதலே யாம் ஈண்டு மேற்கொண்ட பணியாகும்.

யாம் வாழும் நீலகிரி இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலம். தோடர் தம் எருமைகளின் பாலைக் காய்ச்சிக் கடையும் மனையையே கோயிலாகக் கொண்டவர். பால்மனைப் பூசகன் நோன்பு காத்துத் தூய்மையோடு ஆற்றும் பால்வினையே அவர்தம் வழிபாட்டின் உயிர்நிலை. கோத்தர் அய்யனோர், அம்மனோர் எனத் தம் தெய்வங்களைப் பரவுவர். படகர் பேரகணியில் எத்தையம்மனுக்கு விழா எடுப்பர். அவருள் இலிங்கந் தரித்தாரும் உளர். குறும்பரும் இருளரும் காட்டிடைத் தம் முன்னோர் வழிபட்டவாறே வழிபடுவர். தேயிலைத் தோட்டங்களிற் கூலிவேலைக்கெனக் கீழ்நாட்டினின்றும் ஏறிவந்த தமிழர், லயங்கள்தோறும் மாரியம்மனை நிறுவினர். இலங்கையினின்றும் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னர் மீண்டு வந்தோர், அங்கே விட்டுவந்த கோயிலின் பெயரை ஈண்டு எழுப்பிய கோயிலுக்கு இட்டு மகிழ்ந்தனர். உதகை மாரியம்மன் கோயிலில் மாரியும் காளியும் ஒரு கருவறையிலேயே எழுந்தருளியிருத்தல் காணலாம். இவற்றின் ஊடே பள்ளிவாயில்களும் கிறித்தவக் கோயில்களும் பல. இத்துணைச் சிறிய மலைநாட்டில் இத்துணை வழிபாடுகள் ஒருங்கு நிற்றல் வியப்பே.

இவ்வழிபாடுகள் யாவும் மோதலின்றி வந்து சேர்ந்தன என்று கூறுதற்கில்லை. உதகையிலுள்ள புனித ஸ்தேவான் கோயில் 1829ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1830ஆம் ஆண்டில் திருநிலை பெற்றது. அதன் கூரைக்குரிய பெருமரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு உரியதாயிருந்த அரண்மனையினின்றும் பெயர்த்துக் கொணரப்பட்டவை. 1799ஆம் ஆண்டிற் போரில் வீழ்ந்த ஒரு மன்னனது மனையின் மரம், வென்றாரது கடவுளின் மனைக்குக் கூரையாயிற்று. அக்கோயிலிற் கூடி வழிபடுவோர்பால் இதுபற்றி யாதொரு குற்றமும் இல்லை. எனினும் ஆட்சி வலிமை ஒரு சமயத்தைச் சார்ந்து நிற்குங்கால் நிகழ்வது இன்னது என்பதனை அம்மரங்கள் உரைக்கும்.

இது பிறர் கதை எனச் சைவர் கருதிவிடற்க. நம் கதையும் இதனுள் இருமுறை வருகின்றது. ஒருமுறை நாம் இழந்தோம். ஒருமுறை நாம் எடுத்தோம். ஆளுடைய பிள்ளையாராற் பாடப்பெற்ற திருக்கோணமலைத் திருக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1622ஆம் ஆண்டில் இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை எடுத்தனர். அதற்கு முந்திய ஆண்டிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் அவரால் அழிந்தது. பின்வந்த ஒல்லாந்தர் ஆட்சியிலே ஞானமுழுக்குப் பெற்றாரே அரசாங்க அலுவலுக்கு உரியர் என்னும் நிலை இருந்தமையின், யாழ்ப்பாணத்துச் சைவர் பலர் ஏட்டிற் கிறித்தவராயும் வீட்டிற் சைவராயும் வாழ்ந்தனர். இதனை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு புண்ணாகின்றது.

இனி மற்றொன்று. திருநாவுக்கரசு நாயனாரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் இடுவித்ததும், நஞ்சூட்டியதும், யானையை ஏவியதும், கல்லொடு பிணித்துக் கடலில் வீழ்த்தியதும் பெரிய புராணம் படித்தார் யாவரும் அறிவர். அம்மன்னன் பின்னர்ச் சைவனானான். ஆயபின் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றைக் கொண்டு திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் எனச் சேக்கிழார் உரைக்கின்றார். மதுரையில் எண்ணாயிரவர் கழுவேறிய செய்தியும் அந்நூலில் உண்டு. அது வரலாற்றில் நிகழ்ந்ததா என்பதன்கண் ஆராய்ச்சியாளர் ஒருபடித்தாய்க் கூறிலர். நிகழ்ந்திலது ஆயினும், அதனைப் படிக்குங்கால் நம் உள்ளம் எவ்வழி நிற்கின்றது என்பது ஆராயத்தக்கது. கோணமலைக் கல்லுக்கு அழும் கண், பாடலிபுத்திரத்துக் கல்லைக் கண்டு களிக்குமாயின், அக்கண்ணீர் கடவுளின்பொருட்டு வடிந்தது அன்று. நம் கட்சியின்பொருட்டு வடிந்ததே என்க.

அற்றேல், நாயனார் கொள்கை மெய்யாகலின் அவரை ஒறுத்தது பிழை. சமணர் கொள்கை பொய்யாகலின் அவர் பள்ளியை இடித்தது முறை எனக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது. ஒறுத்த பல்லவனும் அன்று தன் கொள்கையை மெய்யென்றே துணிந்திருந்தான். அவன் பிழை, பொய்யான சமயத்தின்பொருட்டு வலிமையைப் பயன்படுத்தினமையே என்போமாயின், மெய்யை அறிந்தேம் எனத் தருக்கும் ஒவ்வோர் அரசனுக்கும் நீற்றறையின் திறவுகோலைக் கொடுத்தோம் ஆவோம். வலிமை புகத்தகாத இடத்திற் புகுந்தமையே அவன் பிழை. நாயனார் பெருமையும் அவ்விடத்து அவ்வலிமைக்கு அஞ்சாமையிலேயே விளங்கிற்று.

வலிமை அவ்விடத்துப் புகத்தகாது என்றற்கு நம் சாத்திரமே சான்று. உயிரை அநாதியே மறைத்து நிற்பது ஆணவமலம். அம்மலம் பரிபாகமுற்று, இருவினையொப்பு வந்து, சத்திநிபாதம் நிகழ்ந்தபொழுதே உயிர் மெய்ந்நெறியை நாடும். அப்பருவம் எவ்வுயிர்க்கு எந்நாளில் வரும் என்பதனை அறிவான் இறைவன் ஒருவனே. ஐந்தொழிலுள் அருளல் அவனுக்கே உரியது. யாதோர் அரசனுக்கும் அது பகிர்ந்தளிக்கப்படவில்லை. தானாகப் பழுக்காததைத் தடிகொண்டு பழுக்க வைத்தல் கூடாது என்பது பழமொழி. தடியால் அடியுண்ட காய் கன்றிப்போம்; கனியாது. அரசன் ஆணைக்கு அஞ்சி நீறிட்டவன் நெற்றியில் நீறு இருக்கும். உள்ளத்தில் அச்சமே இருக்கும். அவனைச் சைவனாக்கினேம் என எண்ணுதல், ஒல்லாந்தர் தம் ஏட்டிலே கிறித்தவர் தொகையை எண்ணி மகிழ்ந்ததனோடு ஒக்கும்.

இன்னும், எத்தெய்வத்தை ஒருவன் வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயன் அளிப்பவன் சிவபெருமானே என்பது சிவஞான சித்தியார் துணிபு. அங்ஙனமாயின் பால்மனையில் நோன்பிருந்து எருமைப்பாலைத் தன் தெய்வத்திற்கு உரியதாகப் பேணும் தோடனது வழிபாட்டையும் ஏற்பவன் அவனே. அவன் ஏற்கும் பூசையை இடைநின்று தடுக்க அரசனுக்கு யாது உரிமை உண்டு?

ஈண்டு ஒரு தடை நிகழும். எல்லாம் அவனையே சாரும் எனின், சமயங்களுள் வேற்றுமை இல்லையாய் முடியுமே. புறச்சமய மறுப்பு வேண்டாவாய் ஒழியுமே எனின், அற்றன்று. அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்திற் பதினான்கு கொள்கையினரை எடுத்து மறுத்தார். உமாபதி சிவாசாரியார் 1313ஆம் ஆண்டிற் சங்கற்ப நிராகரணம் இயற்றி, நமக்கு மிக அணியராய் நின்றாரையும் விடாது வினாவினார். புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நம் ஆசிரியர் சமயங்களைப் பகுத்தனர். எனினும் அவர் கையிற் கொண்டது எழுத்தாணி. மறுக்கப்படுவான் கொள்கையை முதற்கண் அவன் கூறுமாறே கூறி, அதன்பின் மறுப்பதே அவர்தம் முறை. எதிரி வாய்திறக்க இயலாவிடத்துச் சொற்போரும் இல்லை, வெற்றியும் இல்லை. ஆகவே மறுக்கும் உரிமையை விரும்புவான் மறுக்கப்படுவானது உரிமையையும் காத்தற்குக் கடமைப்பட்டவன் ஆகின்றான்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் வாழ்வு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கிறித்தவப் பாதிரிமார் பள்ளிகளிற் சைவச் சிறுவர் சேர்ந்து சமயம் மாறுதலைக் கண்டு அவர் வருந்தினார். அப்பள்ளிகளை மூடுக என அரசினரிடம் முறையிடுதலையே தம் தொழிலாகக் கொண்டிலர். 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அச்சுக்கூடம் அமைத்தார், 1854ஆம் ஆண்டிற் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டார். ஆட்சி புரிந்தார் கிறித்தவரே ஆயினும், நாவலர் பேச்சையும் அச்சையும் தடைசெய்திலர். ஒல்லாந்தர் காலத்து நாவலர் ஒருவர் தோன்றியிருப்பின் இத்தகைய பணி கைகூடியிருக்குமோ என எண்ணுக. சமயவுரிமையினாற் சைவம் இழந்தது யாது எனக் கேட்பார்க்கு, அது பெற்றது நாவலரை என்பது தக்க விடையாம்.

வேற்றுச் சமயத்தார் மனச்சான்றும் நம் மனச்சான்று போல்வதே என்பதற்குச் சென்னை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1817ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் கோயில்களின் மேற்பார்வையைத் தம் வருவாய்த்துறையிடம் ஒப்புவித்தனர். திருவிழாக்களிற் படைவீரர் அணிவகுத்தலும் பீரங்கி வணக்கம் செய்தலும் வழக்கமாயின. சென்னைப் படைத்தலைவராய் இருந்த சர் பெரிகிரின் மெய்ட்லண்ட் என்பார், கிறித்தவ வீரரைத் தம் நம்பிக்கைக்கு மாறான விழாக்களிற் பங்குகொள்ளச் செய்தல் முறையன்று எனக் கருதி, 1838ஆம் ஆண்டிற் பதவியைத் துறந்தார். வணங்கப்பட்டது நம் தெய்வமே. எனினும் மனமொப்பாதார் கட்டளைக்கு அஞ்சிச் செய்யும் வணக்கத்தை நம் தெய்வம் வேண்டி நின்றதோ? பதவியினும் மனச்சான்றைப் பெரிதெனக் கொண்ட அவ்வயலாரை நாவரசரின் அடியாராகிய நாம் மதித்தல் வேண்டும்.

இனி, காப்பு என்பது அரசனது மனநிலையைச் சார்ந்து நிற்றலாகாது என்பதும் அறியத்தக்கது. முற்கூறிய திப்பு சுல்தானே 1791ஆம் ஆண்டில் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபொழுது, மடத்துக்குப் பொருளும் நெல்லும் அளித்து மீண்டும் வழிபாடு நிகழத் துணைநின்றான். மலையாளத்திலும் குடகிலும் அவன் படை செய்த கொடுமைகளும் வரலாற்றில் உள்ளன. ஒரு மன்னனே ஓரிடத்துக் காவலனாயும் பிறிதோரிடத்துக் கடியனாயும் நின்றான். அருளாற் கிடைத்த காப்பு அருள் மாறியவழி மாறும். ஆகலின் அது சட்டத்தால் நிலைபெறுதல் வேண்டும். 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம், தன் 25ஆம் உறுப்பில், மனச்சான்றின் உரிமையையும், ஒரு சமயத்தைத் தழுவி ஒழுகிப் பரப்பும் உரிமையையும் எல்லார்க்கும் ஒப்ப வழங்குகின்றது. பொது அமைதி, நன்னெறி, உடல்நலம் ஆகியவற்றையும், அடிப்படை உரிமைகள் பற்றிய பிற விதிகளையும் அதற்கு வரம்பாக வைக்கின்றது.

அவ்வரம்பே இரண்டாவது தடைக்கு இடமாகின்றது. சமயத்தின் பெயரால் எது செய்யினும் அரசு வாளா இருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. தோடர் வரலாறே இதனைத் தெளிவிக்கும். பெண்மகவைப் பிறந்தவுடன் கொல்லும் வழக்கம் அவரிடை ஒருகால் இருந்தது. ஆங்கில அரசினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனைத் தடுத்தனர். அது முறையே, பிறிதோர் உயிரைத் தன் வழக்கத்திற்கு இரையாக்கும் உரிமை ஒருவர்க்கும் இல்லை. ஆனால் அவ்வரசினரே, இறந்தார்பொருட்டுத் தோடர் எருமை பலியிடும் சடங்கிலும் புகுந்து, ஒருவர்க்கு இரண்டு எருமை என வரம்பு கட்டினர். தோடர்க்கோ அவ்வெருமை இறந்தாரோடு மறுமையுலகு சென்று பாலளிக்கும் துணை. இவ்விரண்டு ஆணைகளும் ஒருதன்மைய அல்ல. முன்னையது குழவியைக் காத்தது. பின்னையது ஒருவரது மறுமைக் கணக்கில் அரசு கையிட்டது.

கொல்லாமையை உயிர்நிலையாகக் கொண்ட சைவராகிய நமக்கு இவ்விடம் கடினமானது. எம் நெஞ்சமும் பலியை வெறுக்கின்றது. சென்னை மாகாணத்தில் 1950ஆம் ஆண்டில் விலங்கும் பறவையும் பலியிடுதலைத் தடைசெய்து ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நெடுங்காலம் உறங்கிக் கிடந்த அதனை 2003ஆம் ஆண்டிற் கடுமையாக நடைமுறைப்படுத்த அரசு முற்பட்டது. ஊர்த்தெய்வ வழிபாட்டினர் துயருற்றமையின் 2004ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. கொலையைத் தடுக்கும் சட்டம் போவதோ என வருந்தினார் சைவருள் உளர். அவர் ஒன்று சிந்தித்தல் வேண்டும். அச்சட்டம் நடைமுறையிலிருந்த நாளில், கோயில் வாயிலில் ஆட்டை வெட்டினவன் குற்றவாளி. அதே தெருவிற் கடையில் வெட்டினவன் வணிகன். ஆட்டுக்கு இவ்விரண்டினும் வேற்றுமை யாது? ஒருங்கே எல்லாக் கொலையையும் விலக்கும் சட்டமாயின் அது சீவகாருணியம். பசிக்கும் பணத்திற்கும் வெட்டுவானை விடுத்துத் தெய்வத்திற்கு வெட்டுவானை மட்டும் பிடிக்கும் சட்டமாயின், அது ஒறுப்பது கொலையை அன்று; வழிபாட்டையே. அமெரிக்க நாட்டில் ஃபுளோரிடாவைச் சார்ந்த ஹையாலியா என்னும் நகராட்சி இத்தகைய விதியொன்றைச் செய்தபொழுது, அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1993ஆம் ஆண்டில் இதே காரணம்பற்றி அதனைத் தள்ளியது. பலி ஒழிதல் வேண்டும் என்பார் ஊர்தோறும் சென்று அன்பால் உரைக்க, காவலரை அனுப்பற்க.

மூன்றாவது தடை சமயமாற்றம் பற்றியது. வலிந்தும் வஞ்சித்தும் ஆசைகாட்டியும் ஏழைகளை ஈர்த்தலை அரசு தடுத்தல் வேண்டாவோ எனின், வலிமையும் வஞ்சனையும் எங்கு நிகழினும் குற்றமே. அவற்றைத் தடுத்தல் அரசின் கடனே. பரப்பும் உரிமை என்பது பிறனொருவனை மாற்றும் உரிமை ஆகாது என நம் உச்சநீதிமன்றம் 1977ஆம் ஆண்டிற் கூறி, மத்தியப் பிரதேசம், ஒடிசா ஆகிய மாநிலங்களின் சட்டங்களை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டிலும் 2002ஆம் ஆண்டில் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டு, 2004ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. ஈண்டு எமக்குள்ள ஐயம் இது: ஒருவன் மாறியது ஆசையாலோ அன்பாலோ என்பதனை ஆராயும் அலுவலர் எந்நூல் கொண்டு ஆராய்வார்? மலபரிபாகத்தை அளக்கும் கோல் எந்த அலுவலகத்தில் இருக்கின்றது? வெளிப்படையான கொடுமையைச் சான்றுகொண்டு ஒறுக்கலாம். உள்ளத்தின் திருப்பத்தை எழுத்தராற் பதிவு செய்தல் இயலாது. மேலும், நோயுற்றபொழுது மருந்தும் பிள்ளைக்கு எழுத்தும் கொடுத்தாரை ஓர் ஏழை நாடிச் சென்றானாயின், அவனை மறிக்குமுன், அவற்றை நாம் ஏன் கொடுத்திலேம் என வினவுதல் நம் கடன்.

அரசு சமயத்தை ஒறாது விடுதல் ஒன்றே போதுமோ என்னும் வினாவிற்கும் எம் மலையே விடை கூறும். தோடர் வழிபாட்டைத் தடைசெய்யும் சட்டம் ஒன்றும் இலது. ஆயினும் அவர்தம் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளிற் சீகை மரமும் கற்பூர மரமும் தேயிலையும் பரந்தன. நாடு விடுதலை பெற்றபின்னரும் அரசினரே பெரும்பரப்பில் அம்மரங்களை நட்டனர். புல் குறைந்தது, புல் குறையவே எருமை குறைந்தது, எருமை குறையவே பால்மனைகள் பல பூசகரின்றி அடைபட்டன. ஒரு கோயிலை இடியாமலே பாழாக்கலாம் என்பதனை ஈண்டுக் கண்கூடாகக் காண்கின்றோம். நிலத்தோடு பிணைந்த சமயத்தார்க்கு நிலத்தைக் காவாது உரிமையை மட்டும் அளித்தல், நீரை வற்றடித்தபின் மீனை நீந்துக என்றல் போலும். ஒடிசாவிலே நியமகிரி மலையில் அலுமினியக் கனிமம் தோண்டப் புகுந்தபொழுது, அம்மலையையே நியமராசன் எனத் தொழும் டோங்கிரியா கோந்தரது வழிபாட்டுரிமையைக் கருதி, முடிவினை ஊரவைகளே கூறுக என 2013ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் பணித்தது. பன்னிரண்டு ஊரவைகளும் சுரங்கம் வேண்டா என்றன. எளியார் சமயத்தையும் பெருஞ்சமயங்களோடு ஒப்பவைத்து எண்ணிய அத்தீர்ப்பு போற்றத்தக்கது.

இத்துணையும் எழுதிய யாம் ஒரு குற்றத்தை மறைத்தல் ஆகாது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகட்கு முன்னர்க் குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகட்குத் தமிழ் கற்பித்துவந்தேம். இலங்கையினின்றும் மீண்ட குடும்பங்களுள் நான்கோ ஐந்தோ கிறித்தவ நெறியைத் தழுவி, லயத்தின் கோடியில் ஒரு தகரக் கொட்டகையில் ஞாயிறுதோறும் கூடிப் பாடுவாராயினர். மாரியம்மன் கோயிலுக்குரிய பெரியோர் எம்மிடம் வந்து, அக்கொட்டகையை நீக்குமாறு தோட்டத்துரைக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தருக என வேண்டினர். யாம் எழுதினேம். சொல் அழகாகவும் காரணங்கள் வலிவாகவும் அமைய எழுதினேம் என அன்று மகிழ்ந்ததும் உண்டு. ஒரு திங்களுக்குள் கொட்டகை பிரிக்கப்பட்டது. வேலையும் வீடும் துரை கையில் இருந்தமையின் ஒருவரும் வாய்திறந்திலர்.

சின்னாட் கழித்து, எம்பாற் பயிலும் ஒரு சிறுவனது பாட்டியார் எம் வீட்டிற்கு வந்தார். அவர் அக்கொட்டகையிற் பாடுவாருள் ஒருவர். சினந்து ஏதேனும் கூறுவார் என அஞ்சினேம். அவரோ, ஐயா விண்ணப்பம் எழுதினால் காரியம் ஆகின்றது என்கின்றார்கள். எங்களுக்கும் ஓர் இடம் கேட்டு எழுதித் தர வேண்டும் என்றார். அதனை எழுதினவன் யான் எனத் தெரிந்தே வந்திருந்தார். ஓய்வில்லை எனக் கூறி அனுப்பிவிட்டேம். அவர் வாயிற்படியிற் கழற்றிவைத்த கம்பளியை எடுத்துப் போர்த்துக்கொண்டு மழையிற் சென்றார். அன்று மாலை மாணவர்க்கு நாவுக்கரசு நாயனார் கடலில் மிதந்த பகுதியைப் பாடஞ்சொல்ல வேண்டியிருந்தது. கல்லைக் கட்டினான் யாவன் என ஒரு சிறுவன் வினவினான். அரசன் என விடையிறுத்தேம். அவ்விடை அன்று எம் நாவிற் கசந்தது, இன்றும் கசக்கின்றது. அம்மூதாட்டியார் இன்றில்லை.

யாம் அன்று செய்தது அரசாணை அன்று. ஒரு தாள் விண்ணப்பமே. ஆயினும் வலியார் கையை எளியார்மேல் ஏவும் தாள் ஒவ்வொன்றும் அரசாணையின் விதையே. அரசின்பால் நாம் சமயவுரிமையை வேண்டுமிடத்து, நம் தெருவினும் தோட்டத்தினும் நாம் வலியராய் நிற்கும் இடங்களில் அதனை நல்குகின்றோமா என முதற்கண் நோக்கல் வேண்டும். சைவர் மிகுந்த ஊரில் ஒரு சிறு குழுவினர் அச்சமின்றித் தம் தெய்வத்தைப் பாடுவராயின், அவ்வூர்ச் சைவம் நலமுற்றது எனக் கொள்ளலாம்.

தொகுத்துக் கூறுங்கால்: உடலுக்கு ஊறு விளையாது காத்தலும், ஒருவன் வழிபாட்டைப் பிறனொருவன் குலையாது காத்தலும், வழிபாடு வேரூன்றிய நிலத்தைப் பேணுதலும், சொல்லும் மறுப்பும் தடையின்றி நிகழ விடுதலும் அரசின் கடன். மெய்ச்சமயம் இன்னது என முடிவு கூறுதலும், உயிர்களை அதன்கட் செலுத்துதலும் அதன் கடன் அல்ல. அவற்றுள் முடிவு கூறுதல் ஆசிரியன்மாரது தொழில். செலுத்துதல் இறைவனது தொழில். அவனோ அநாதி தொட்டு ஒவ்வோர் உயிரின் பக்குவத்தையும் பார்த்துக் காத்திருக்கின்றான். அவன் பொறுக்கும் அத்துணைக் காலமும் நாம் பொறுத்தல் அரிதேயாயினும், அவனடியார் எனப் பெயர்கொண்டமையின், அதனைப் பழகுதல் நமக்குக் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.